மஞ்சக்குட்டை மாதையனுக்கு நேர்மை வந்த விதம்

ஏற்காட்டில் நேர்மைக்காகப் பொன்னாடை வாங்கிய ஒரே எஸ்டேட் கூலி மஞ்சக்குட்டை மாதையன்தான். அவருக்கு முன்னாலும் அந்த மலையில் நேர்மையானவர்கள் இருந்திருப்பார்கள், பின்னாலும் பிறந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் நேர்மையாக நடந்துகொண்ட நேரத்தில் பக்கத்தில் டூரிஸ்ட் யாரும் நிற்கவில்லை. அதனால் அதெல்லாம் கணக்கில் வரவில்லை.

மாதையனின் தாத்தா ஓமலூர்ப் பக்கத்து வறண்ட காட்டை விட்டுவிட்டு, காப்பிச் செடி நடுவதற்காக மலையேறி வந்தவர். அப்போது எஸ்டேட் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் இருந்தது. நாடு விடுதலையானதும் துரை கப்பலேறினார், நம்மூர் முதலாளி வந்தார். கூலிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஓடு ஒழுகிய இடத்திலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒழுகலுக்குக் கீழேதான் மாதையன் பிறந்தார், சென்னம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தார், ஒரு மகளை வளர்த்துச் சமவெளிக்குக் கட்டிக் கொடுத்தார்.

சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. காப்பிச் செடிக்கு வெயில் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. எவ்வளவு வெயில் கீழே இறங்கலாம் என்பதை மரத்தின் உச்சியில் இருந்து அரிவாளால் முடிவு செய்வார். அவருடைய கூலியை மட்டும் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்தார்கள்.

ஆனால் மாதையனின் உண்மையான திறமை மரத்தில் இல்லை. கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுவதில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் வாரக் கூலி கொடுப்பார். பேங்கில் இருந்து வரும் நல்ல நோட்டுகள் எந்த வழியாகவோ ரைட்டரின் பைக்குப் போய்விடும். கூலி மேசையில் மூலை போனது, நடு மடிப்பு விட்டது, எண்ணெய் குடித்தது, பசை போட்டு ஒட்டியது என்று ஒரு ஆஸ்பத்திரி வார்டே படுத்துக் கிடக்கும். வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் அடுத்த வாரம் அவருக்கு வேலை செங்குத்தான சரிவில் இருக்கும். ஆகவே எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள். வாங்கியதை இறக்கி வைப்பது அவரவர் சாமர்த்தியம்.

மாதையன் இதை ஒரு வித்தையாகவே வளர்த்து வைத்திருந்தார். எந்த பஸ் கண்டக்டர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வருவார், எந்தக் கறிக்கடைக்காரர் பேசிக்கொண்டே காசு வாங்குவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நோட்டை நாலாக மடித்து மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து நீட்டினால், வாங்குகிறவர் கண் காசில்தான் இருக்கும். மூடுபனி இறங்கி, ஏற்காட்டின் நடுவே ஒண்டிக்கடைச் சந்திப்பில் கடைகள் மறைந்து பெயர்ப்பலகைகள் மட்டும் மிதக்கிற நேரம் அவருக்கு உகந்த நேரம்.

இதை அவரோ மற்றவர்களோ ஏமாற்று என்று நினைத்ததில்லை. ரைட்டர் இவரிடம் தள்ளினார், இவர் அடுத்தவரிடம் தள்ளினார், அவ்வளவுதான். அப்படியே தள்ளித் தள்ளி, மலையில் இருக்கும் கிழிசல் நோட்டெல்லாம் கடைசியில் ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு வந்து சேரும். அங்கே அவற்றுக்கு மோட்சம் உண்டு. மோட்சத்தின் பெயர் டூரிஸ்ட்.

டூரிஸ்ட் மேலே இருக்கும்வரை சந்தோஷத்தில் இருப்பார். சந்தோஷத்தில் இருப்பவர் சில்லறையை விரித்துப் பார்ப்பதில்லை. விரித்துப் பார்க்கும்போது அடிவாரம் வந்திருக்கும். ஒரு கிழிந்த நோட்டுக்காக அத்தனை கொண்டை ஊசி வளைவையும் திரும்ப ஏறி வர அவருடைய வயிறு சம்மதிக்காது. கடைக்காரர்கள் இதை நன்றாக யோசித்து வைத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் ஒரே ஒரு தர்மம் உண்டு: உள்ளூர்க்காரருக்குக் கிழிசல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், உன்னை நான் வெளியூர்க்காரனாக நினைக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

ஒண்டிக்கடையில் பொன்னுவேல் ஸ்டோர்ஸ் இந்தத் தர்மத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த கடை. ஒரு பக்கம் அரிசி, பருப்பு, எண்ணெய். அது எஸ்டேட் ஜனங்களுக்கு. மறுபக்கம் காப்பித்தூள், மிளகு, தைலம், சேலத்தில் இருந்து டின்னில் ஏறி வரும் மலைத்தேன். அது டூரிஸ்டுகளுக்கு. கல்லாவும் அப்படியே. மேல் இழுப்பறையில் நல்ல நோட்டு, காலடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிழிசல். முதலாளி பொன்னுவேல் ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்து, காப்பித்தூள் பொட்டலத்துக்கு ஒட்டுகிற பழுப்பு டேப்பை மெல்லிசாக வெட்டி, கிழிசல்களுக்கு வைத்தியம் பார்ப்பார். கல்லாவில் உட்காருகிற கமலா ஆள் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

கமலா அடிவாரத்தில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அதற்கு முன்பு மலைக்குக் கீழே குவாரியில் வெள்ளைக்கல் உடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தூசு நெஞ்சுக்குள் போய், வருடத்தில் பாதி நாள் இருமிக்கொண்டு கிடந்தாள். பொன்னுவேல் கடையில்தான் அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நிழலில், நாற்காலியில், உட்கார்ந்து சம்பாதித்தாள். அவளுடைய புருசனுக்குத் தறி மில்லில் கை போனதிலிருந்து அந்த நாற்காலிதான் குடும்பம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். ஐம்பது ரூபாய் என்றால் ஒரு நாள் கூலிக்கு மேலே இருந்த காலம். சீசன் கூட்டம் ஒண்டிக்கடையில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இயற்கையை ரசித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதையன் பொன்னுவேல் கடையில் வாரச் சாமான் வாங்கினார். விலை போக அவருக்கு வர வேண்டிய பாக்கி ஐம்பது ரூபாய். இரண்டு கையிலும் பை, மேலே மழைத் தூறல், பின்னால் தேன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஒரு கும்பல். கமலா நீட்டியதை வாங்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்தார். உள்ளூர்க் கடையில் வாங்கிய சில்லறையைப் பிரித்துப் பார்ப்பது மரியாதை இல்லை.

மஞ்சக்குட்டை ஜீப்பை ஓட்டுகிற சேகர் வண்டி கிளம்பும் முன்பே காசு வாங்கிவிடுவான். மாதையன் பையில் கைவிட்டு விரலுக்கு வந்ததை எடுத்து நீட்டினார். சேகர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். நடுவில் பிளந்து, பழுப்பு டேப் போட்டு ஒட்டிய ஐம்பது ரூபாய். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏனுங்கண்ணா, நீங்களே ஊருக்கெல்லாம் தள்ளி உடறவரு. உங்களுக்கே ஒருத்தன் தள்ளிப்போட்டானா? அப்ப உங்களுக்கு வயசாயிருச்சுங்க" என்றான் சேகர்.

ஜீப் முழுக்கச் சிரித்தது. மாதையனுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பழுப்பு டேப் யார் கடை டேப் என்று அவருக்குத் தெரியாதா? வேறு நாளாக இருந்தால் அந்த நோட்டை மடித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி மறந்த கண்டக்டருக்காகக் காத்திருந்திருப்பார். ஆனால் இது பணத்தைப் பற்றிய விஷயமாக அவருக்குப் படவில்லை. பிறந்ததில் இருந்து இந்த மலையில் இருக்கிற மனிதனை, தொப்பி போட்டுக்கொண்டு குதிரை மேல் போட்டோ எடுத்துக்கொள்கிற ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள். பைகளை ஜீப்பிலேயே வைத்துவிட்டு நோட்டும் கையுமாக இறங்கி நடந்தார். சட்டைப் பையில் இன்னொரு நோட்டு இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் நடப்பவர் கணக்குப் பார்ப்பதில்லை.

பொன்னுவேல் கடையில் அப்போது வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தோடு வந்த சென்னைக்காரர் ஒருவர், தனக்குச் சில்லறை குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றும், இந்த மலையில் எல்லாருமே திருடர்கள் என்றும் இரண்டு மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கத் தனிக் கூட்டம் கூடியிருந்தது. பொன்னுவேல் கும்பிட்டுக்கொண்டே நின்றார். கும்பிட்ட கைக்குள் என்ன யோசனை ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

மாதையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஐம்பது ரூபாயைக் கல்லா மேசை மேல் அறைந்தார். "ஏனுங்க மொதலாளி, இந்த நோட்டை..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரை யாரும் பேச விடவில்லை.

பொன்னுவேலின் கண் முதலில் டேப்பைப் பார்த்தது. அடுத்த நொடி அவருடைய உள்ளங்கை அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டது. மூடிய கையோடு கமலாவைப் பார்த்து, மாதையனுக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டார். ஐம்பது, மேல் இழுப்பறையில் இருந்துதான் எடுத்துக் கொடுத்தேன் என்றாள் அவள். பிறகு மாதையனிடம் சட்டைப் பையில் பார்க்கச் சொன்னார். மாதையன் கையை விட்டார். சொரசொரவென்று மடிப்புக் கலையாத, முழுசான, நல்ல ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது.

விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வர வேண்டியது ஒன்று, வந்தது இரண்டு. கிழிசலோ நல்லதோ, இரண்டாவதும் அவருடைய பையில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அதைத் தன் காலாலேயே நடந்து வந்து, தன் கையாலேயே மேசை மேல் வைத்திருக்கிறார். மரத்தின் உச்சியில் கால் வைத்த கிளை முறிந்த மாதிரி இருந்தது.

பொன்னுவேல் தாமதிக்கவில்லை. சென்னைக்காரரைத் திரும்பிப் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "பாத்துக்குங்க சார். கூலி வேலைக்குப் போறவரு. ஒரு நாளெல்லாம் மரமேறினாலும் அம்பது ரூவா சேராது. அதிகமா வந்துருச்சுன்னு ஜீப்பை விட்டு எறங்கி நடந்து வந்து குடுக்கறாரு. இவுங்க பொழங்கற கடையில உங்களை ஏமாத்துவமுங்களா?"

கூட்டத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் மாதையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சென்னைக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தான் கேட்டுக்கொண்டிருந்த சில்லறையை மறந்துவிட்டு, பிராயச்சித்தமாக இன்னொரு தேன் பாட்டில் வாங்கினார். பொன்னுவேல் அவருக்குத் தன் கையாலேயே பாக்கி கொடுத்தார். ஒட்டுப்போட்ட அந்த ஐம்பது ரூபாய் இரண்டு நல்ல நோட்டுகளுக்கு நடுவில் மடிந்து கீழே போவதை, அந்தக் கூட்டத்தில் மாதையன் ஒருவர்தான் கவனித்தார். தொழில் தெரிந்தவருக்குத்தான் அது தெரியும். அந்த நிலைமையிலும் அவருக்குப் பொன்னுவேல் மேல் ஒரு மரியாதை வந்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சென்னைக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், கூட்டமும் நின்றது. கண்டிப்பான முதலாளி என்றும் காட்டியாக வேண்டுமே. பொன்னுவேல் கமலாவைப் பார்த்து, ஐம்பது ரூபாய் கூடப் போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை, நாளையில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கமலா எழுந்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். போகும்போது யாரையும் பார்க்கவில்லை, மாதையனை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். மாதையனுக்குப் பரிசாக ஒரு மிக்சர் பொட்டலம் கிடைத்தது.

ஜீப் மஞ்சக்குட்டைக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. சேகரே ஆள் மாறிப்போனான். கிழிந்த நோட்டைப் பற்றி அவன் மறுபடி வாயைத் திறக்கவில்லை. நேர்மையானவரை ஏற்றி வந்த ஜீப் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து கோடை விழாவை ஒட்டிச் சந்திப்பில் ஒரு மேடை போடுவது வழக்கம். அதற்குச் செயலாளர் பொன்னுவேல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் மாதையனுக்குப் பொன்னாடை என்று தீர்மானமாயிற்று. 'ஏற்காடு வியாபாரிகள் நாணயமானவர்கள்' என்பதைச் சுற்றிச் சுற்றிச் சொல்வதற்கு இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை. பொன்னாடை ஒன்று, மைக் வாடகை, அவ்வளவுதான் செலவு.

நேர்மைக்காரராக அந்த வாரத்தைக் கழித்தது மாதையனுக்குச் சுலபமாக இல்லை. கண்டக்டர்கள் அவர் நீட்டிய நோட்டைப் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டார்கள். வாழ்நாளெல்லாம் தேடிய வரம். ஆனால் இனி எங்கே ஒரு கிழிசல் அகப்பட்டாலும் அவர் பெயர் கெடும். பெயர் என்று ஒன்று வந்த பிறகுதான் அது கெடும் என்கிற பயம் அவருக்கு வந்தது. அதற்கு முன்பு கெடுவதற்கு ஒன்றும் இல்லாமல் நிம்மதியாக இருந்தார். போதாததற்கு எஸ்டேட் ரைட்டர் சனிக்கிழமை, நம்ம மாதையன் தங்கமான மனிதன், குறை சொல்லவே மாட்டான் என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்துவிட்டு, இருப்பதிலேயே மோசமான நோட்டுகளாகப் பொறுக்கி அவர் கையில் வைத்தார். மாதையன் புகழுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவர் கூலி வாங்கிக்கொண்டு வந்தபோது லைன் வீட்டு வாசலில் கமலா உட்கார்ந்திருந்தாள். சென்னம்மாள் கொடுத்த காப்பி அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் இருந்து பஸ், ஒண்டிக்கடையில் இருந்து நடை. ஜீப்புக்குக் காசில்லை.

அவள் அழவில்லை. சண்டை போடவும் வரவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். டப்பாவில் இருந்த நோட்டுக்கு டேப் ஒட்டியது முதலாளி. தூறல் ஈரத்தில் டேப்பின் பசை கசிந்திருந்தது. அவள் டூரிஸ்டுக்குக் கொடுக்கக் கிழிசலை எடுத்து மேல் இழுப்பறையில் வைக்க, அது அங்கே இருந்த நல்ல நோட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையில் ஒரே நோட்டாகத்தான் தெரிந்தது, அவர் சட்டைப் பைக்குள் திணித்தபோதுதான் பிரிந்திருக்க வேண்டும். ஆகவே தவறு எண்ணத் தெரியாத அவளுடையது இல்லை, ஒட்டத் தெரிந்த முதலாளியுடையது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? குவாரி மேஸ்திரி திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அங்கே போனால் இருமல் திரும்பி வரும். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

கடைசியாகத்தான் அதைச் சொன்னாள். "அண்ணா, நீங்க அன்னைக்குத் திருப்பிக் குடுக்க வரலீங்க. சண்டைக்குத்தான் வந்தீங்க. அந்தக் கூட்டத்துல உங்க மூஞ்சியப் பாத்தவ நான் ஒருத்திதானுங்க."

உள்ளே இருந்து சென்னம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். ஒரு வாரமாகத் தனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒன்று தீர்ந்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

"ஊரே புகழுது, எனக்கு மட்டும் நொம்ப சந்தேகமா இருந்துச்சு கண்ணு. இந்த மனுசன் ஒரு நோட்டைத் திருப்பிக் குடுத்தாருன்னா, நோட்டுலதான் ஏதோ கோளாறு இருக்கோணும்னு நெனச்சேன்" என்றாள்.

கமலா கிளம்பினாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மாதையன் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் பொன்னாடை போகும். போனால் போகட்டும் என்றால், இத்தனை நாள் கையைக் குலுக்கியவர்கள் எல்லாம் சேகரின் ஜீப்பில் ஏறிக்கொண்டு சிரிப்பார்கள். அதுவும் போகட்டும் என்றாலும், பொன்னுவேல் கோபத்தில் கமலாவை எந்தக் காலத்திலும் உள்ளே விட மாட்டார். உண்மையைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. உண்மைக்கு அப்படி ஒரு குணம் இருப்பது மாதையனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்டேட்டில் அரை நாள் வேலை இருந்தது. மரத்தின் மேலே போனார். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த நாள். மலை முடிகிற இடத்தில், கீழே, குவாரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. யாரோ மாவு மூட்டையைக் கொட்டிவிட்டு, அள்ளாமல் போய்விட்ட மாதிரி. அதற்குள் ஆட்கள் இருப்பார்கள், இங்கிருந்து தெரியாது. மாதையன் கிளை ஒன்றைக் கழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. நேர்மையான மனிதருக்கு வரக் கூடிய யோசனை அல்ல. தொழில் தெரிந்தவருக்கு வரும் யோசனை.

விழா மூன்று மணிக்கு. மாதையன் ஒரு மணிக்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பொன்னுவேல் கடைக்குப் போனார். பொன்னுவேல் அவரை உட்கார வைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மேடையில் பேச வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். நீளமாக ஒன்றும் வேண்டாம், 'அடுத்தவங்க காசு நமக்கெதுக்குங்க' என்று ஒரே வரி, பிறகு கும்பிடு.

மாதையன் கலரைக் குடித்து முடித்தார். பாட்டிலைப் பத்திரமாகக் கீழே வைத்தார்.

"அது செரிங்க. ஆனா மேடையேறிப் பொய் பேசக் கூடாதில்லீங்களா? நேர்மைன்னு சொல்லித்தான கூப்புடறீங்க. நடந்ததை மொதல்ல இருந்தே சொல்லிப்போடறனுங்க."

"மொதல்ல இருந்துன்னா?" என்றார் பொன்னுவேல்.

"அந்த நோட்டு கிழிஞ்சிருந்துச்சு. அதுல பழுப்பு டேப் ஒட்டியிருந்துச்சு. அந்த டேப் எந்தக் கடையில இருக்குது, நோட்டு எந்த டப்பாவுல இருந்துச்சு, அப்பறம் அது மெட்ராஸ்காரரு கூட எப்பிடிக் கீழ எறங்கிப் போச்சு. நான் பாத்ததை மட்டுந்தானுங்க சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன்."

வெளியே மைக்செட்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். சீசன் கூட்டம் மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் தேனும் காப்பித்தூளும் வாங்க வந்தவர்கள். பொன்னுவேல் அவர்களைப் பார்த்தார், மாதையனைப் பார்த்தார். கூலிக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லலாம். ஆனால் அந்த வழியை ஒரு வாரமாகத் தன் வாயாலேயே அடைத்து வைத்திருக்கிறார். இந்த மலையில் மாதையன் சொன்னால் சத்தியம் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியதே அவர்தான்.

"உனக்கு எவ்வளவு வேணும்?" என்றார் கடைசியில்.

"எனக்கெதுக்குங்க? அடுத்தவங்க காசு நமக்கெதுக்குங்க" என்றார் மாதையன், பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. "அந்தக் கமலாப் புள்ளைதான் அடிவாரத்துல சும்மா உக்காந்திருக்குது. நாளைக்குக் குவாரிக்குப் போயிருமாமுங்க."

பொன்னுவேல், அவளைத் திரும்பச் சேர்த்தால் கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்றார்.

"பேரு கெடறதைப் பத்தித்தானுங்க நானும் ரோசனை பண்ணிக்கிட்டிருக்கறேன்" என்றார் மாதையன்.

அடிவாரத்தில் பொன்னுவேலின் மச்சான் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார், அங்கே போன் இருந்தது. பொன்னுவேல் போனை எடுத்தார். மூன்று மணிக்கு விழா ஆரம்பித்தபோது, மேடைக்கு எதிரே கடைக்குள், கல்லாவின் பின்னால் கமலா உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் தலைகூடச் சரியாக வாரவில்லை. கவனக்குறைவை மன்னித்து ஏழைப் பெண்ணுக்கு மறுவாழ்வு கொடுத்த வள்ளல் என்று பொன்னுவேலை அறிவிப்பாளர் புகழ்ந்தார். அதற்கும் கைதட்டல் விழுந்தது. கிடைத்த எதையும் பொன்னுவேல் வீணாக்குகிறவர் இல்லை.

மாதையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கின் முன்னால் நின்றார். எதிரே கமலா கல்லாவில் கை வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொன்னுவேல் அதே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதையன், அடுத்தவங்க காசு நமக்கெதுக்குங்க என்று சொல்லிக் கும்பிட்டார். கூட்டம் வெகுநேரம் கைதட்டியது. அவர் வாழ்க்கையில் கிழிசலை இத்தனை பேரிடம் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டதில்லை.

பொன்னாடையைச் சென்னம்மாள் இரண்டு நாள் பெட்டியில் வைத்திருந்தாள். பிறகு ஜன்னலுக்குக் கட்டினாள். காற்றுக்கும் தாங்கவில்லை, குளிருக்கும் தாங்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதையன் வாரச் சாமானுக்குப் பொன்னுவேல் கடைக்குப் போனார். கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் போனார். உதவி செய்தவர்கள், உதவி பெற்றவரைப் பார்க்கப் போகும்போது அப்படித்தான் போவார்கள். அவரைக் கண்டதும் கடையில் இருந்த பேச்சு நின்றது. பொன்னுவேல் தன் இடத்தை விட்டு எழுந்து வந்து கல்லாவின் அருகில் நின்றுகொண்டார். கமலா மாதையனுடைய பாக்கியை எண்ணினாள், மறுபடி எண்ணினாள். ஒவ்வொரு நோட்டையும் விரலால் தேய்த்துப் பிரித்துப் பார்த்தாள். வெயில் இல்லாத நாளில் அவள் நெற்றியில் வியர்வை நின்றது. பொன்னுவேல் அவளுடைய விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

யாரோ மிளகு விலை கேட்டதால் பொன்னுவேல் அந்தப் பக்கம் திரும்பினார். கமலா சில்லறையை மாதையன் கையில் வைக்கிற சாக்கில் குனிந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றாள். மாதையன், நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இனிமே நீங்க வேற கடையில வாங்கிக்குங்க. உங்க ஊட்டுக்கு வந்து கால்ல வேணாலும் உளுகறேன். நீங்க இன்னொருக்கா நேர்மையா நடந்துகிட்டா, நான் கல்லு ஒடைக்கத்தான் போகோணும்."

மாதையன் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். சரி கண்ணு என்றார். அவள் சொன்னதில் தப்பு இல்லை.

அன்றிலிருந்து மாதையன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு கடையில் வாங்குகிறார். அங்கே பருப்பில் கல் அதிகம், எண்ணெய் விலையும் அதிகம். கடைக்காரர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர். அதனால் அவரிடம் நோட்டைப் பார்க்காமலே வாங்குகிறார், கடன் மட்டும் கொடுப்பதில்லை. இவ்வளவு நேர்மையானவருக்குக் கடன் எதற்கு என்பது அவருடைய எண்ணம். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னுவேல் கடை வாசலைக் கடக்கும்போது மாதையன் குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்வார், மழை இல்லாவிட்டாலும். உள்ளே கமலா யாருக்கோ பாக்கி கொடுத்துக்கொண்டிருப்பாள்.